உரிமையாளர்: நான்

2024இன் கடைசி மாதங்கள். சுனாமியின் இருபதாம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. மருதமுனையிலிருந்து ஒரு பொடியன் கல்முனையில் உள்ள என் சட்டக் கந்தோருக்கு வந்தான். கலியாண வீடியோ எடுப்பவன். பொலிஸில் அவன்மேல் முறைப்பாடு.

"சேர், நான் ஏத்தின கோப்ப நானே அழிச்சா களவா?" என்றான், உட்காராமலே.

லண்டனில் இருக்கும் ஒருவர் சுனாமியைப் பற்றி ஆவணப்படம் தயாரிக்கிறார். எடிட்டர் டொரொண்டோவில். மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரை கமரா பிடித்தவன் இவன். ஒப்பந்தம் என்று கடதாசி ஒன்றுமில்லை, எல்லாம் வட்ஸ்அப் குரல் பதிவுதான். ஒன்பது நாளில் பதினாலு மணி நேரப் படம் எடுத்திருந்தான். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எடுத்த 4கே படம் மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். அவன் வீட்டு இணைப்பில் நொடிக்கு 10 மெகாபிட்தான் ஏறும். அதாவது ஒரு மணி நேரப் படத்தை கூகுள் டிரைவில் ஏற்ற பத்து மணி நேரம். இரவில் லப்டொப்பைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்து, கரண்ட் போய் வந்தால் எழும்பி மறுபடி தொடக்கி, இப்படி மூன்று கிழமை.

எடிட்டருக்கு ப்ரொக்சி என்கிற பாரம் குறைந்த நகல்களையும் இவனே செய்து அனுப்பினான். வெட்டி ஒட்டுவதற்கு அது போதும். படத்தை முடிக்க மூலம் வேண்டும். கூலியில் பாதி வந்தது. மற்றப் பாதிக்குப் பதிலே இல்லை. ஒருநாள் கோபத்தில் பகிர்வை நிறுத்தி, 630 ஜிபியையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான். கமரா காட்களோ அடுத்த கலியாணத்துக்காக எப்போதோ அழிக்கப்பட்டவை.

"தொட்டியில போட்டு எத்தின நாள்?"

"இருபத்தாறு, சேர்."

முப்பது நாளில் டிரைவ் தானாகவே தொட்டியைக் காலி செய்துவிடும். சட்டப் புத்தகத்தை மூடினேன். திகதி தெரிகிற மாதிரித் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, என் முன்னாலேயே எல்லாவற்றையும் மீட்கச் சொன்னேன். வழக்குப் பொருளில் கை வைக்கலாமா என்று ஒரு நண்பர் பிறகு கேட்டார். இன்றும் என் பதில் இதுதான்: நாலு நாள் பொறுத்திருந்தால் வழக்குக்குப் பொருளே இருந்திராது.

லண்டன்காரரின் முறைப்பாடு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தைக் காட்டியது: அதிகாரமின்றித் தரவை அழித்தல். கோப்புகளின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். 'உரிமையாளர்' என்ற நிரலில் வரிக்கு வரி 'நான்'. இன்னொருவர் பகிர்ந்த கோப்புறைக்குள் ஏற்றினாலும், ஏற்றிய கணக்குத்தான் அங்கே உரிமையாளர். இரண்டு டெராபைட் இடத்துக்கு மாதாமாதம் காசு போனதும் இவனுடைய வங்கி அட்டையிலிருந்துதான். இது சிவில் பிணக்கு என்று குறிப்பெழுதி அனுப்பிவிட்டார்கள்.

பொடியன் வென்றுவிட்டதாக நினைத்தான். வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன்: அந்த 'நான்' கூகுளின் 'நான்', சட்டத்தின் 'நான்' இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒளி ஒலிப் படைப்பின் பொருளாதார உரிமை முதலில் தயாரிப்பாளருக்கே. வெட்டாத மூலப்பதிவு 'படைப்பு' ஆகுமா என்று வாதாட எனக்கு ஆசைதான். ஆனால் அதற்குக் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குத் தவணைக்குத் தவணை இரவு பஸ் ஏற வேண்டும். குரல் பதிவுகளைச் சான்றாக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி போவதென்றால் 45 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கணினிப் பதிவைச் சான்றாக ஏற்க மறுத்த பென்வெல் வழக்கைப் படித்து வளர்ந்தவன் நான், இந்த 45 நாளே எனக்கு அதிசயம். கூலிக்காகக் காத்திருப்பவனுக்கு அந்த அதிசயத்தால் என்ன பயன்?

கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன். இரண்டு கிழமையில் லண்டன் பேச வந்தது. மீதிக் கூலியும் டிரைவ் வாடகையும் கிடைத்தால் கோப்புகளை அவர் பெயருக்கு மாற்றுவது என்று இணக்கம்.

கையெழுத்துக்கு முதல் நாள் அந்தப் பொடியன் ஒரு உம்மாவைக் கூட்டி வந்தான். கைத்தறி நெய்கிறவ. படத்தில் பேசியவ. தன் படம் களவு போய்விட்டதென்று ஊரில் கேள்விப்பட்டிருக்கிறா.

"மகன், படம் ஆருட கையில இருந்தாலும் பறுவால்ல. கடல் வந்தத சொல்லக்குள்ள எண்ட முக்காடு நழுவிட்டு. அந்த இடத்த மட்டும் வெட்டச் சொல்லுங்க."

அவவிடம் ஒரு துண்டில்கூட யாரும் சம்மதம் வாங்கியிருக்கவில்லை. என் கட்சிக்காரனும் வாங்கவில்லை. இவ்வளவு நாளும் அந்தக் கோப்பைப் பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருவன், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இணக்கப் பத்திரத்தில் நாலாவது பந்தி சேர்த்தேன்: பேசியவர் பார்த்து ஒப்பாமல் எந்தப் பகுதியும் வெளிவராது.

இரண்டு நாள் கழித்து டொரொண்டோவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. கோப்பு இலக்கம், நிமிடம், நொடி, பிறகு: 'பதினொரு நொடி. வெட்டியாயிற்று.'