பேங்க்கில் ஒரு வருடம்

மாதனூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனிகள்தான் சோறு போடுகின்றன. என் மகள் பி.காம். முடித்ததும் வேலைக்கு அங்கே போகவில்லை. அந்தக் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கியொன்றில் ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள்.

"பேங்க் வேலையாமே!" என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். வேலை இல்லை, சகோதரிகளே. 1961-ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டப்படி அவள் பயிற்சி பெறுகிறவள். வருவது சம்பளமல்ல, உதவித்தொகை. வருடம் முடிந்தால் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் வங்கிக்கு இல்லை.

"அப்புறம் எதுக்குடி பஸ்ஸிலே இடிபடறே? வந்த வரனை முடிச்சிருக்கலாம்" என்றார் என் மாமியார்.

"பாட்டி, வெளிநாட்டுக்காரன் ஷூவுக்கு ஆர்டர் கொடுத்தா, பணம் வர மாசக்கணக்காகும். அதுக்குள்ளே தோல் வாங்கணும், கூலி கொடுக்கணும். அதுக்கு பேங்க் கொடுக்கிற கடன்தான் பேக்கிங் கிரெடிட். ஏற்றுமதிப் பணம் வந்ததும் கழிச்சுக்குவாங்க. ஆர்டர் நிஜமா, கம்பெனி கணக்கு சரியான்னு பார்க்கத்தான் கத்துக்கறேன்."

எதிர்வீட்டுப் பெண் வாங்கும் கூலிக்குப் பின்னால் இத்தனை காகிதமா என்று நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாமியார் அதற்குமேல் பேசவில்லை. வரன் வீட்டாரிடம் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லிவிட்டோம்.

உங்கள் பெண்ணுக்கும் இப்படி வாய்ப்பு வந்தால், கையெழுத்துப் போடுமுன் எத்தனை மாதம், எவ்வளவு தொகை, எந்தப் பிரிவில் பயிற்சி, முடிவில் சான்றிதழ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே வங்கித் தேர்வுக்கும் படிக்கச் சொல்லுங்கள். என் மகள் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் படிக்கிறாள். அந்த நேரத்தில் நான் டி.வி. போடுவதில்லை.