துடைத்து வைத்த விமானம்

மாடல் விமானம் செய்பவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அழுக்கு இருந்தால்தான் விமானம் உண்மையாகத் தெரியும் என்பார்கள். வண்ணம் பூசிப் பளபளவென்று நிறுத்தினால் அது வெறும் பொம்மை. புகைபோக்கிக்குப் பின்னால் கரிப்படலம், துப்பாக்கி வாயில் வெடிமருந்துக் கறை, கால் படும் இடத்தில் உரிந்த பெயிண்ட், அடிவயிற்றில் எண்ணெய் வழிசல் எல்லாம் வேண்டும். இதற்கு ‘வெதரிங்’ என்று பெயர். நிறம் ஏற்றுவதைவிட அதை அழுக்காக்கத்தான் பலர் அதிக நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.

கடந்த ஆண்டு நான் செய்தது 1/32 அளவிலான ஸ்பிட்ஃபயர். அசல் விமானத்தின் இறக்கை வீச்சு 11.23 மீட்டர், என் மேசையில் 35 சென்டிமீட்டர். பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் “பையனுக்கா?” என்று கேட்டார்கள். எனக்குப் பையன் இல்லை. “இல்ல, அம்மாவுக்கு” என்று மகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு பெரிய மாடலில் எதையும் மறைக்க முடியாது. இருக்கைப் பட்டை, கருவிப் பலகையின் முட்கள், விமானி ஏறும் சின்னக் கதவு எல்லாம் தெரியும். ஒரே பச்சையை அப்பினால் பிளாஸ்டிக்காகவே நிற்கும். சாம்பல் பிரைமர் காய்ந்ததும் தகடுகள் இணையும் கோடுகளின் மேல் ஏர்பிரஷால் கருப்பை மெலிதாகத் தெளித்துக்கொள்ள வேண்டும். பிறகு நிறத்தை நீர்க்கக் கலந்து படலம் படலமாக ஏற்ற வேண்டும். அடிப்பக்கம் மீடியம் சீ கிரே. மேலே ஓஷன் கிரே, அதன்மேல் வளைந்து வளைந்து டார்க் கிரீன். இரண்டு நிறமும் சேரும் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கக் கூடாது. ஒட்டுக்களிமண்ணை நூலாக உருட்டி விளிம்பில் வைத்துத் தெளித்தால் அது சற்றே மங்கலாக விழும். மூன்று வாரம், விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் இதைச் செய்தேன்.

இந்த விமானத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி என்றொரு அமைப்பு இருந்தது. தொழிற்சாலையில் செய்து முடித்த விமானங்களை ஓட்டிச்சென்று விமானப்படையிடம் ஒப்படைப்பது அதன் வேலை. 1940 ஜனவரியில் எட்டுப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். போர் முடிவதற்குள் 168 பெண்கள் ஓட்டியிருந்தார்கள். வானொலி கிடையாது, வரைபடமும் திசைகாட்டியும்தான் துணை. முன்பின் தொட்டிராத வகை விமானமாக இருந்தால், கையடக்கக் குறிப்பட்டையைப் புரட்டிவிட்டு ஏறிவிடுவார்கள். தொடக்கத்தில் இவர்களுக்கு ஆண்களைவிட 20 சதவீதம் குறைவான சம்பளம், 1943இல்தான் சமமாக்கப்பட்டது. 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறந்த ஏமி ஜான்சன், 1941 ஜனவரி 5 அன்று இப்படி ஒரு விமானத்தைக் கொண்டுசெல்லும்போதுதான் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார்.

ஆகவே என் ஸ்பிட்ஃபயர் ஒரு பெண் ஓட்டிய நாளில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அந்த நாளில் அது புத்தம்புதிது. சுட்டதில்லை, அதனால் வெடிமருந்துக் கறை இல்லை. வீழ்த்தியதில்லை, அதனால் விமானி அறைக்குக் கீழே வெற்றிக் குறிகள் இல்லை. படைப்பிரிவின் எழுத்துகளைக்கூட ஒப்படைத்த பிறகுதான் எழுதுவார்கள். ‘உண்மை’ என்று கற்றுக்கொண்ட அடையாளம் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

வகுப்பில் புறத்திணை நடத்தும்போது விழுப்புண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். மார்பில் பட்டது பெருமை, முதுகில் பட்டது நாணம். வெதரிங்கும் அந்தக் கணக்குதான். தழும்பு இருந்தால் வரலாறு, இல்லையென்றால் பொம்மை. தழும்பு விழாத உடம்பும் ஏதோ வேலை செய்துதான் அன்று மாலை படுத்திருக்கும் என்பதைச் சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் அம்மாவின் வேலைக்குச் சாட்சி தேடியிருக்கிறேன். அப்பாவுக்குப் பணிநிறைவுக் கேடயம் இருந்தது, அலுவலகப் புகைப்படங்கள் இருந்தன. அம்மாவுக்கு அம்மியின் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. அதுவும் பாட்டியோடு பங்கு. நாற்பது வருஷம் செய்த வேலையின் விளைவு, ஒன்றும் தெரியாமல் இருப்பது. தரையில் தூசி இல்லை, பாத்திரத்தில் கரி இல்லை, எங்கள் சட்டையில் கறை இல்லை. இரண்டாவது வாரம் ஜன்னல் கம்பிகளில் ஒட்டடை தொங்கியபோதுதான் அவ்வளவு நாளும் அங்கே ஒரு கை போய்வந்தது தெரிந்தது. சுத்தம் என்பது வெற்றிடம் அல்ல, யாரோ முடித்துவைத்த வேலை.

எனவே அழுக்காக்குவதில்லை என்று முடிவு செய்தேன். கிளாஸ் வார்னிஷ் அடித்து டீக்கால்களை நீரில் நனைத்து ஒட்டினேன்: வட்டச் சின்னங்களும் பதிவெண்ணும் மட்டும். தகட்டுக் கோடுகளில் நீர்த்த பழுப்பு எண்ணெய் வண்ணத்தை ஓடவிட்டு உடனே துடைத்தேன். சோதனை ஓட்டம் முடிந்த விமானம் என்பதால் புகைபோக்கிக்குப் பின்னால் மூச்சுப்பட்டதுபோல ஒரு சாம்பல். ஸ்பிட்ஃபயரில் கதவு இடப்பக்கம்; விமானி இடது இறக்கையில் கால்வைத்துத்தான் ஏற வேண்டும். அந்த இடத்தில் பொடித்த சாக்பீஸில் மண் நிறம் சேர்த்துப் பஞ்சுக்குச்சியால் லேசாகத் தட்டினேன். ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை ஏறிய தூசி. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பல வருடங்களாக மாடல் செய்துவரும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஃபினிஷ் நல்லா இருக்கு மேடம். வெதரிங் எப்போ பண்ணப்போறீங்க?” என்றார்.

“முடிஞ்சிருச்சு சார். இது டெலிவரிக்குப் போற விமானம்.”

“யாரு ஓட்டுறா?”

சொன்னேன். அவர் குனிந்து இடது இறக்கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

படைப்பிரிவு எழுத்துகளும் வெற்றிக் குறிகளும் டீக்கால் தாளிலேயே இருக்கின்றன. கிழித்துப் போடவில்லை. விமானத்தை வாங்கிக்கொண்டவர்கள் ஒட்டிக்கொள்ளட்டும்.