வானில் ஒரு தரை

விமானங்களைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் 2016, 2017ஆம் ஆண்டுகளின் கோடையில் கலிபோர்னியாவில் ஒரு பங்கில் உதவிக்குச் சென்றிருந்தபோது, ஒரு முதியவரின் கார்க் கொட்டகையில் கற்றுக்கொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எட்டு ஆண்டுகளாகத் தம் கைகளாலேயே ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பர்ட் ருட்டான் வடிவமைத்து, 1979இல் முதன்முதலாகப் பறந்த ‘லாங் ஈசி’ என்னும் இரண்டு இருக்கை விமானம் அது. உலோகத்தால் ஆனதன்று. நுரைப்பலகையை வடிவாகச் செதுக்கி, எப்பாக்ஸி பசையில் தோய்ந்த கண்ணாடியிழைத் துணியை அதன்மேல் போர்த்திச் செய்யப்படுவது.

“ஃபாதர், விளக்கைச் சற்றுப் பிடியுங்கள்” என்றார் ஒரு மாலை. இறக்கையின் நுனியில் செங்குத்தாக நிற்கும் சிறகில் வானொலி ஆண்டெனாவைப் பதித்துக்கொண்டிருந்தார். அரை மீட்டருக்குச் சற்று நீளமான இரண்டு செப்புப் பட்டைகள். ஒன்று மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. அவை கூடும் இடத்தில் கேபிளைப் பற்றவைத்து, அதில் மூன்று ஃபெரைட் வளையங்களைக் கோத்திருந்தார்.

இரண்டு பட்டைகள் எதற்கு என்று கேட்டேன். உலோக விமானத்தில் வெளியே ஒரு கம்பை நட்டால் போதும். ஆண்டெனாவின் மறுபாதியாக விமானத்தின் உடலே அமைந்துவிடும் என்றார். விளக்குக்கும் வானொலிக்கும் சென்ற மின்சாரம் மின்கலத்துக்குத் திரும்பும் வழியும் அவ்வுடல்தான். நம் வீடுகளில் ‘எர்த்’ என்று மண்ணோடு இணைக்கிறோம். மண்ணை விட்டெழுந்த விமானத்துக்கு அதன் உலோக உடலே தரை. கண்ணாடியிழையிலோ மின்சாரம் பாயாது. எனவே ஆண்டெனாவுக்கு மறுபாதியையும், ஒவ்வொரு கருவிக்கும் திரும்புவழிக் கம்பியையும் நாமே தரவேண்டும். அக்கம்பிகள் அனைத்தும் மூக்குப் பகுதியில் மின்கலத்தின் அருகே ஒரே பித்தளைத் தகட்டில் வந்து சேரவேண்டும். ஆனால் கண்ணாடியிழை வானொலி அலைகளைத் தடுப்பதில்லை. ஆதலால் ஆண்டெனாவை உள்ளேயே மறைத்துவிடலாம். கரியிழையாக இருந்தால் அதுவும் இயலாது.

மூடுமுன் மீட்டரால் மும்முறை சோதித்தார். “உள்ளே போனபின் தொட முடியாது” என்றார்.

மறு கோடையில் நான் சென்றபோது விமானம் பறப்பதற்குக் காத்திருந்தது. தரையிலேயே இயந்திரத்தை ஓட்டி வானொலியைச் சோதித்தார். கைவானொலியோடு தொலைவில் நின்ற அவருடைய மனைவியின் அருகே நானும் நின்றேன். அவர் குரல் வந்தது. ஆனால் கொசு இரைவதுபோன்ற கீச்சொலி அதை விழுங்கியது. அவர் முகம் வாடியது. பதித்த ஆண்டெனா பழுதென்றால் சிறகை அறுக்க வேண்டும். அன்றிரவே அறுத்துவிடவும் எண்ணினார். அவசரம் வேண்டாம் என்று மனைவி தடுத்தார்.

மறுநாள் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். மின்னி மின்னி எரியும் எச்சரிக்கை விளக்கை அணைத்ததும் கீச்சொலி மறைந்தது. தேடியபோது உண்மை வெளிப்பட்டது. அவ்விளக்கின் திரும்புவழிக் கம்பி ஒரு சாண் குறைந்துபோக, வானொலியின் கம்பி முடிந்திருந்த இடத்திலேயே அதையும் முடிந்துவிட்டிருந்தார். “அன்று களைப்பாக இருந்தது, பிறகு மாற்றலாம் என்று நினைத்தேன்” என்று தலைகுனிந்து சொன்னார். மும்முறை சோதித்த ஆண்டெனாவில் குற்றமில்லை. ‘பிறகு’ என்று விட்ட கம்பியில்தான் குற்றம்.

புதுக் கம்பியைப் பித்தளைத் தகடு வரை கொண்டுசேர்த்தார். மீண்டும் பேசினார். “இப்போதுதான் இது அவர் குரல்” என்றார் அம்மையார், கண்களைத் துடைத்துக்கொண்டே.

உலோக உடல் இருக்கும்வரை அது செய்யும் ஊழியத்தை யாரும் எண்ணுவதில்லை. அது இல்லாத இடத்தில்தான், எத்தனை பாரத்தை அது பேசாமல் சுமந்தது என்பது புரிகிறது. ஊர் திரும்பிய பின், நான் பேசுவதற்கு இதுகாறும் தரையாக இருந்தவர்கள் யார் யார் என்று எண்ணத் தொடங்கினேன். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.