அளவு தப்பும் கால்கள்

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைத் திருப்பலி முடிந்து பீடப்படிகளில் இறங்கும்போது கால் இடறியது. உபதேசியார் ஓடிவந்து தாங்கிக்கொண்டார். அந்த வாரமே ஊரில் முணுமுணுப்பு எழுந்தது: "சாமி குடிக்கிறாராம்." கால்களை அகல வைத்து நடந்தேன், பேச்சும் குழறியது. பார்ப்பவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

மருத்துவர் தம் விரலையும் என் மூக்கையும் மாறிமாறித் தொடச் சொன்னார். பிறகு குதிகாலை மறுகால் விரல்களோடு ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டிலும் தவறினேன். ஸ்கேன் படத்தில் சிறுமூளை சற்றுச் சுருங்கியிருந்தது. பின்மண்டையில் அமைந்த அது மூளையின் பருமனில் ஏறத்தாழ 10 விழுக்காடே. ஆயினும் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை அங்கேதான் உள்ளன. அசையும்படி கட்டளையிடுவது பெருமூளை. அசைவை அளவோடு நிகழச் செய்வது சிறுமூளை. அது தேயும்போது கால்கள் வலிமை இழப்பதில்லை, அளவு தப்புகின்றன. மது, வைட்டமின் குறை, தைராய்டுக் கோளாறு, பரம்பரை எனக் காரணங்கள் பல உண்டு. எனக்கு எதுவும் உறுதியாகவில்லை. தேய்ந்ததை மீட்கும் மருந்து இல்லை; பயிற்சியே துணை.

ஆகவே காலைதோறும் சுவரோரம் நின்று சமநிலைப் பயிற்சி செய்கிறேன். சட்டென்று திரும்புவதில்லை. தடுமாறும் உடலுக்குக் கண்களின் துணை தேவை என்பதால் இரவில் விளக்கை அணைப்பதில்லை. மறையுரையை நிறுத்தி நிதானமாக, சிறு வாக்கியங்களில் சொல்கிறேன். மக்களுக்கு அதில் மகிழ்ச்சியே! கிண்ணத்தை, முழங்கைகளை உடலோடு ஒட்டிவைத்து, இரு கைகளாலும் உயர்த்துகிறேன். நற்கருணை வழங்க அருட்சகோதரி உதவுகிறார்.

இவையெல்லாம் பழகிவிட்டன. பழகாதது ஒரு நினைவு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், தள்ளாடியபடி திருப்பலிக்கு வந்த ஒருவரைக் குடிகாரர் என்று கடிந்து வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அவர் ஏதோ சொல்ல முயன்றார்; குழறிய பேச்சையே நான் சான்றாகக் கொண்டேன். ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய மன்றாடிய அன்னாவைக் குரு ஏலியும் குடிபோதையில் இருப்பதாகவே எண்ணினார். ஆனால் அவர் அன்னாவின் பதிலைக் கேட்டார்; வாழ்த்தி அனுப்பினார். நானோ கேட்கவில்லை. அம்மனிதர் குடித்திருந்தாரா, நோயுற்றிருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறன்று என் நோயை மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னேன். அம்மனிதரைப் பற்றியும் சொன்னேன். திருப்பலி முடிந்ததும் ஊன்றுகோலோடு ஒரு பாட்டி முன்னே வந்தார். "எனக்கும் படி இறங்க முடியல சாமி. வாங்க, சேர்ந்தே இறங்குவோம்" என்று கையை நீட்டினார். பற்றிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஆலய வாசலில் யாரேனும் தள்ளாடி வந்தால், அருகில் சென்று, "உடம்புக்கு என்ன ஐயா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.