பெயருக்கேற்ற துணை

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டோம். ஆங்கில இலக்கணத்தில் இனி நமக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் கலைந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இவ்வாண்டு தமிழ்வழிப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு தோழி எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். ஆங்கில வகுப்பில் தன் தாயைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் பேச எழுந்தவள், முதல் வாக்கியமாக, "ஐ ஹாவ் ரெஸ்பெக்ட் ஆன் மை மதர்" என்றாள். முன் வரிசையில் ஒருத்தி சிரித்தாள். உடனே எல்லோரும் சிரித்தோம். மீதி நான்கு வாக்கியங்களைச் சொல்லாமலே அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த திங்கட்கிழமை கரும்பலகையில் பத்து வாக்கியங்களை எழுதி, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னார்கள். தேவையில்லாத இடத்தைக் காலியாக விடலாம் என்றும் சொன்னார்கள்.

'ரீசன்' என்ற சொல்லுக்குப் பின் 'ஆஃப்' போட்டோம். 'ஃபார்' வர வேண்டுமாம். தீ விபத்துக்கான 'காஸ்' என்ற இடத்தில் 'ஃபார்' போட்டோம். அங்கேதான் 'ஆஃப்' வர வேண்டும். தமிழில் இரண்டுமே காரணம்தான்! 'சொல்யூஷன்' என்ற சொல்லோ 'டு'வைக் கேட்டது. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' எழுதாதவர் எங்களில் ஒருவருமில்லை. அங்கே எதுவுமே தேவையில்லை. பத்துக்கு ஆறு வாங்கியவளே வகுப்பில் முதல்.

பிறகு சிஸ்டர் விளக்கினார்கள். 'டிஸ்கஸ்' போன்ற வினைச்சொல் தன் பொருளை நேரே பற்றிக்கொள்ளும்: 'டிஸ்கஸ் தி பிளான்'. அதுவே பெயர்ச்சொல்லாகிவிட்டால் நடுவே ஒரு துணை வேண்டும்: 'டிஸ்கஷன் அபவுட் தி பிளான்'. அப்படியே 'ஆன்சர் தி கொஸ்டின்' என்போம். பெயராக வரும்போது 'ஆன்சர் டு தி கொஸ்டின்'. பெயருக்குரிய துணையை வினைக்கும் கொடுத்துவிடுவதால்தான் நாம் பல பிழைகள் செய்கிறோம். எந்தப் பெயருக்கு எந்தத் துணை என்று சொல்ல முழுமையான விதி கிடையாது. பெயரையும் துணையையும் சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும்.

அதன்பின் சிஸ்டர் எங்கள் புதுத் தோழியை அழைத்து, "அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல், அம்மா" என்றார்கள்.

"எனக்கு அம்மா மீது மரியாதை உண்டு, சிஸ்டர்."

"பார்த்தீர்களா, பிள்ளைகளே? 'மீது' என்பதைத்தான் இவள் 'ஆன்' ஆக்கினாள். ஆங்கிலத்தில் 'ரெஸ்பெக்ட் ஃபார்' என்பதே சரி. ஆனால் இவள் தவற்றுக்கு ஒரு காரணம் இருக்கிறது."

சிஸ்டர் கேட்டுக்கொண்டபடி அவள் எட்டு வேற்றுமைகளையும் கரும்பலகையில் தடுமாறாமல் எழுதினாள். முதலுக்கும் எட்டுக்கும் உருபில்லை என்றாள். 'இசையில் ஆர்வம்' என்பதில் உருபு 'இசை'யின் பின்னே ஒட்டிக்கொள்கிறது. 'இன்ட்ரஸ்ட் இன் மியூசிக்' என்பதில் 'இன்' என்ற சொல் 'மியூசிக்'கின் முன்னே தனியே நிற்கிறது. இதை எங்களில் எவரும் அதுவரை கவனித்ததில்லை. தாய்மொழி இலக்கணத்தில் அவள் எங்களுக்கு ஆசிரியையாகவே இருந்தாள்.

மணி அடிக்குமுன் சிஸ்டர் இன்னும் ஒரு சொல்லை எழுதினார்கள்: 'அப்பாலஜி'. "இதற்கு இரண்டு துணை வேண்டும். யாரிடம் கேட்கிறோமோ அவருக்கு 'டு'. எதற்காகக் கேட்கிறோமோ அதற்கு 'ஃபார்'." வேறொன்றும் சொல்லாமல் சென்றுவிட்டார்கள்.

நாங்கள் ஒவ்வொருவராக அவளுடைய பெஞ்சுக்குப் போனோம்.

மறுநாள் அவள் மீண்டும் எழுந்து, "ரெஸ்பெக்ட் ஃபார் மை மதர்" என்று தொடங்கி ஐந்து வாக்கியங்களையும் பேசி முடித்தாள். அவளுடைய தாய் விடியுமுன் எழுந்து பூக்கட்டி விற்று அவளைப் படிக்க வைக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான்காம் வாக்கியத்தில் ஒரு சிறு பிழை இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

கீழ் வகுப்புகளில் படிக்கும் தங்கைகளே, புதிய ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றை நோட்டில் எழுதும்போது அதன் துணையையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் எவளேனும் தவறாகப் பேசினால், அவள் ஐந்து வாக்கியங்களையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.