இணை

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகள் அத்தையின் வாசலை மறித்துக் கிடந்தன. அறுக்கும் அவசரத்தில் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றிவிட்டோம். எங்கள் பழைய ஸ்டில் 044 செயின்சாவின் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. உட்சுவரில் நிக்கல் பூச்சுள்ள சிலிண்டர் அது. வார்ப்பிரும்பைப்போல் கடைந்து, பெரிய பிஸ்டன் போட வழியில்லை. இரண்டையும் மாற்றத் துணிந்தோம். விட்டம் 50 மி.மீ. என்பதை மட்டும் சொல்லி வாங்கிவந்தோம். சிலிண்டர் அமர்ந்தது, பிஸ்டன் மறுத்தது. எங்களுடையதில் பின் 10 மி.மீ.; வந்ததோ 12. ஒரே எண்ணுள்ள மாடலில் இருவகையும் உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம்.

மறுமுறை பழைய பின்னையே கையோடு எடுத்துச் சென்றோம். பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சர் பக்கம் நோக்க, கோத்து முடித்தோம். ஏழாவது இழுப்பில் உயிர் வந்தது. அதுவரை அத்தை கொல்லைப்புறமாகவே நடமாடினார். எங்களை ஒரு சொல்லும் கடியவில்லை.