சமாளிக்கக் கூடாத இடம்

லிஃப்ற்றில் உயர்த்தியிருந்த காரின் இடது முன் சக்கரத்தை மெக்கானிக் அண்ணை கையால் சுற்றிவிட்டார். அரைச் சுற்றுக்கூட வரவில்லை, நின்றுவிட்டது. வலது பக்கம் போய் அதேபோலச் சுற்றினார். அது இரண்டு சுற்று ஓடி, மெல்லிய உரசலோடு நின்றது.

"விளங்குதே தம்பி? அந்தப் பக்கம் பிரேக் பிடிச்சபடியே நிக்குது. காலை எடுத்தாலும் விடுகுதில்லை."

ஸ்காபரோவில் தமிழர் நடத்தும் எத்தனையோ கராஜ்களில் அண்ணை வேலை செய்யும் இந்தக் கராஜும் ஒன்று. ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை. குளிர்காலம் முழுக்க வீதியில் கொட்டிய உப்பு, வாசல் கொங்கிறீற்றின் ஓரத்தில் இன்னும் வெள்ளைக் கோடாகக் காய்ந்து கிடந்தது. பனியில் சறுக்காமல் மனிதரைக் காப்பாற்றும் அதே உப்புத்தான் இந்த ஊர்க் கார்களைத் தின்கிறது. அன்று லிஃப்ற்றில் நின்றது அந்த உப்புக்கு இவ்வளவு காலம் தப்பிய ஒரு கார்: 1972ஆம் ஆண்டு டட்சன் 240இசட்.

இந்த வகைக் கார் 1969 ஒக்ரோபரில் யப்பானில் 'ஃபெயர்லேடி இசட்' என்ற பெயரில் அறிமுகமானது. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 3,526 டொலர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பக்கத்தில் போக முடியாதவர்களும் வாங்கக்கூடிய ஒன்றைத் தர வேண்டும் என்று, டட்சனைத் தயாரித்த நிசானுக்குள் நின்று போராடியவர், அமெரிக்காவில் டட்சன் விற்பனையைப் பொறுப்பேற்றிருந்த யூத்தாக்கா கத்தயாமா. நீண்ட மூக்கு, அதற்குள் ஆறு சிலிண்டர், 2,393 சிசி, 151 குதிரைவலு. இயந்திரம் அசையாத நம்பிக்கைக்கு உரியது. உடம்புத் தகடோ துருவுக்குப் பேர்போனது. பிரேக், அது பிறந்த காலத்துக்குப் போதுமானது: முன்னால் காற்றுத்துளை இல்லாத தட்டு, ஒரு கலிப்பருக்கு இரண்டு பிஸ்டன். பின்னால் டிரம்.

காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு கனடியர். முந்தைய கோடையில் 401 நெடுஞ்சாலையில் பிரேக் போட்டபோது கார் இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் கருகிய மணம். அதற்குச் சில வருடம் முன்னர் வேறொரு இடத்தில் "கலிப்பர் புதுப்பித்தோம்" என்று காசு வாங்கியிருந்தார்கள். அண்ணை சக்கரத்தைக் கழற்றி லைட்டைப் பிடித்தார். சிவப்பு பெயின்ற் பளபளத்தது. ஸ்குறூட்ரைவர் நுனியால் சுரண்டினார். பெயின்ற் செதிலாக விழுந்தது. அடியில் துரு அப்படியே இருந்தது. உள்ளே ரப்பர் எதுவும் மாற்றியிருக்கவில்லை.

ஒரு கலிப்பருக்குள் என்ன நடக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்து விளங்கிக்கொண்டேன். பெடலை மிதித்தால் பிரேக் ஒயில் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பிரேக் பாட்டைத் தட்டில் அழுத்துகிறது. இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. காலை எடுத்ததும் பிஸ்டனை எது பின்னுக்கு இழுக்கிறது? நான் ஸ்பிரிங் ஒன்றைத் தேடினேன். அங்கே ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி, சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது அது கொஞ்சம் முறுகுகிறது. அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மயிரிழை அளவு தூரம். அந்த மயிரிழைதான் சக்கரத்தைச் சுதந்திரமாகச் சுற்ற விடுகிறது. பள்ளத்தில் துரு ஏறி ரப்பரை இறுக்கினால், அல்லது ரப்பர் காய்ந்து உயிர்விட்டால், பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

பழைய கலிப்பரையே பழுதுபார்க்கலாம். ஆனால் சொந்தக்காரர் இன்னும் கொஞ்சம் வலுவான பிரேக்கை விரும்பினார். இந்தக் காரை வைத்திருப்பவர்களிடையே வெகுகாலமாக உள்ள ஒரு வழி இருக்கிறது. 1979 முதல் 1985 வரை வந்த டொயோட்டா நாலு சக்கர இழுவைப் பிக்கப்பின் கலிப்பர், 240இசட்டின் போல்ற் துளைகளில் அப்படியே பொருந்தும். அதற்கு நான்கு பிஸ்டன். பாரம் ஏற்றும் வண்டியை நிறுத்தச் செய்தது. தட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் காப்பை வெட்ட வேண்டும், ஒயில் குழாயைப் புதிதாக வளைத்துப் போட வேண்டும். மற்றப்படி காரின் உடம்பில் கைவைக்கத் தேவையில்லை. அப்படியொரு சோடி பழைய கலிப்பர் மேசையில் தயாராக இருந்தது. வார்ப்பிரும்பு. தூக்கிப் பார்த்தேன், நல்ல பாரம்.

பிஸ்டன்களை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையில் பயப்பட வேண்டிய கட்டம். குழாய்த் துளையால் காற்றை விட்டுத் தள்ளுவார்கள். இளகிய பிஸ்டன் துவக்குச் சன்னம்போலப் பாயும். நடுவில் தடித்த பலகைத் துண்டை வைத்து, துணி போர்த்தி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். உதவிக்கு நின்ற இருபது வயதுப் பெடியன் எட்டிப் பார்த்தான். "விரலை எடு!" அந்த ஒரு சொல்லில் மட்டும் அண்ணையின் குரல் உயர்ந்தது. எட்டில் ஏழு வந்துவிட்டன. எட்டாவது அசையவில்லை. அதற்குக் காற்றைக் கூட்டவில்லை. கிறீஸ் பம்பைப் பொருத்தி மெதுவாக அமத்தினார். கிறீஸ் காற்றைப்போலச் சுருங்கி விரியாது, அதனால் பிஸ்டன் பாயாமல் ஊர்ந்து வரும். வந்தது. பிறகு அந்த கிறீஸின் சுவடே இல்லாமல் மூன்று தரம் கழுவினார். பெற்றோலியக் கிறீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் பழுதாகிவிடும்.

எட்டுப் பிஸ்டன்களையும் வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். கடைசியாக வந்ததில் குறோம் பூச்சு மூன்று இடத்தில் குண்டூசித் தலை அளவு குழி விழுந்திருந்தது. "அங்கிள், மெல்லிய சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சா வராதா?" என்று பெடியன் கேட்டான். கலிப்பரின் உள்சுவரிலிருந்த இலேசான துருவை அண்ணை அப்படித்தான் தேய்த்து எடுத்திருந்தார். அதனால் கேள்வி நியாயமானதே.

"சுவரிலை ரப்பர் உரசிறேல்லை, அது பள்ளத்துக்குள்ளை இருக்கு. பிஸ்டனிலைதான் உரசுது. தேய்ச்சால் குறோம் போகும், குறோம் போனால் துரு வரும், துரு வந்தால் ரப்பரை அறுக்கும். புதுசு வரட்டும்."

புதியது வர ஒரு கிழமை ஆகும். வேலை அந்த இடத்திலேயே நின்றது.

தேநீர் குடிக்கும்போதுதான் அவர் ஊர்க்கதை சொன்னார். வேலை பழகியது கொக்குவிலில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது, உதிரிப்பாகம் வராது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்தை அனுபவித்த எவருக்கும் அந்தப் புகையின் மணம் மறக்காது. எங்கள் மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தை நான் பெருமையாகப் பேசத் தொடங்கினேன். அவர் தலையாட்டவில்லை.

"எஞ்சினைச் சமாளிக்கலாம் தம்பி. நிண்டால் தள்ளிக்கொண்டு போகலாம். பிரேக்கையும் சமாளிச்சனாங்கள்தான், பழைய ரப்பரைக் கழுவிக் கழுவிப் போட்டனாங்கள். வேறை வழியில்லை. எல்லாரும் மெதுவாத்தான் ஓடினவை. இஞ்சை கடையிலை சாமான் இருக்கேக்கை அதைச் செய்தால், அது கெட்டித்தனமில்லை. களவு."

சுவரில் அவருடைய 310எஸ் சான்றிதழ் தொங்கியது. ஒன்ராறியோவில் அது இல்லாமல் தகுதிபெற்ற கார் மெக்கானிக்காக வேலை செய்ய முடியாது. வந்த புதிதில் பகலில் ஒயில் மாற்றி, இரவில் ஆங்கிலப் புத்தகத்தைச் சொல் சொல்லாகப் படித்து எடுத்த சான்றிதழ். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நான்தான் எழுந்துபோய் வாசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது கலிப்பர்கள் வெளிறிய சாம்பல் நிறத்தில், வெற்று உலோகமாக இருந்தன. துளைகளை அடைத்து கண்ணாடி மணித் தூளால் அடித்துத் துருவை நீக்கியிருந்தார். சொந்தக்காரருக்குச் சிவப்பு வேண்டும். சூடு தாங்கும் பெயின்றை மெல்லிய மூன்று பூச்சாக அடித்தார்கள். அதைவிட அதிக நேரம் எடுத்தது மறைப்பு ஒட்டும் வேலை. பாட் அசையும் விளிம்பு, போல்ற் இறுகும் முகம், பிஸ்டன் துளை, ஒயில் குழாய் அமரும் இடம் எதிலும் பெயின்ற் படக்கூடாது. போல்ற்றுக்கு அடியில் பெயின்ற் இருந்தால், சூட்டில் அது நசுங்கி, இறுக்கம் தளரும். பாட் விளிம்பில் இருந்தால் பாட் சிக்கும். "நிறம் அவற்றை விருப்பம். நிறம் படாத இடம் என்ரை விருப்பம்" என்றார் அண்ணை.

பூட்டும்போது சாண்ட் பேப்பர், கிறீஸ், பழைய துணி எல்லாம் மேசையை விட்டுப் போய்விட்டன. கையுறை புதியது. புதிய ரப்பரைப் புதிய பிரேக் ஒயிலில் நனைத்துப் பள்ளத்தில் இருத்தினார். பிஸ்டனைப் பெருவிரலால் அழுத்த, அது மெத்தென்று இறங்கியது. கலிப்பரின் இரண்டு பாதிகளையும் சேர்த்திருக்கும் போல்ற்றுகளை அவர் தொடவேயில்லை. அவற்றுக்கிடையே ஒயில் போகும் துளையில் சிறிய வளையம் இருக்கிறது. கழற்றினால் அங்கே கசிவு தொடங்கலாம். காற்று எடுக்கும் நிப்பிள் மேலே வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். இடதையும் வலதையும் மாற்றிப் பூட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும். எவ்வளவு மிதித்தாலும் பெடல் பஞ்சுபோல இருக்கும்.

பின் டிரம்மைத் திறந்தபோது காற்றுக் குழாயைப் பெடியன் கையில் எடுத்தான். அண்ணை அதை வாங்கி வைத்துவிட்டு, ஈரத் துணியைக் கொடுத்தார். பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. கனடா அதைத் தடைசெய்தது 2018இல்தான். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துக் கொல்லக்கூடும். ஊரில் அவரோடு வேலை பழகியவர்கள் இந்தத் தூசியை வாயாலேயே ஊதியவர்கள்.

நான்கு பிஸ்டன் கலிப்பருக்குக் கூடுதல் ஒயில் வேண்டும், இல்லையென்றால் பெடல் ஆழமாக இறங்கும். அதற்காக 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு, பின்னாளில் வந்த 280இசட்எக்ஸின் 15/16 அங்குலச் சிலிண்டரைப் போட்டார். வித்தியாசம் கண்ணுக்குச் சிறியது. பரப்பளவில் அது ஏறத்தாழ 15 சதவீதம்.

பிறகு காற்று எடுத்தல். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் சக்கரத்தில் தொடங்கினார்கள். "அமத்து... பிடி... விடு." பெடியன் உள்ளே, அண்ணை கீழே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், குரலால் மட்டும் செய்யும் வேலை. கண்ணாடிப் போத்தலில் விழுந்த பழைய ஒயில் தேயிலைச் சாயம்போல இருந்தது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140ஆக இறங்கிவிடுகிறது. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்த கால் தரைவரை போகும். ஓட்டுநரோடு ஏறத்தாழ 1,100 கிலோ வரும் இந்தக் காரை 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், ஒரு லீற்றர் குளிர்தண்ணீரைக் கொதிக்க வைக்கக் காணும். அதுவும் சில விநாடிகளில்.

"இனி முந்தியைவிடக் கிட்டத்திலேயே நிற்குமா?" என்று சொந்தக்காரர் கேட்டார். விற்பவர் வாயில் ஆம் என்ற பதில்தான் வரும். அண்ணை இல்லை என்றார். நிற்கும் தூரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது ரயர். இந்தக் கலிப்பர் தருவது, திரும்பத் திரும்ப மிதித்தாலும் களைக்காத பிரேக்கும் நம்பக்கூடிய பெடலும்தான்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் சூடு அளக்கும் கருவியை இரண்டு தட்டிலும் பிடித்தார். இடதும் வலதும் ஏறத்தாழ ஒரே அளவு. காரை மறுபடி லிஃப்ற்றில் ஏற்றி இடது முன் சக்கரத்தைச் சுற்றினார். இம்முறை அது தாராளமாகச் சுற்றி நின்றது.

இல்லாத காலத்தில் இருப்பதை வைத்துச் சமாளித்தவர்கள் நாங்கள். அந்தத் திறமை எங்களைக் காப்பாற்றியது, அதில் எனக்கு இன்றும் பெருமை. அதைவிடப் பெரிய திறமை, எந்த இடத்தில் சமாளிக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது. மூன்று குண்டூசிக் குழிக்காக ஒரு கிழமை காத்திருந்த அந்தக் கையில் அதைக் கண்டேன்.

வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுடையது பழைய ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டியதில்லை. பிரேக் விடயத்தில் மெக்கானிக் "மாத்த வேணும்" என்றால், கழற்றிய சாமானைக் காட்டச் சொல்லுங்கள், விளக்கம் கேளுங்கள். ஆனால் விலை பேசிப் பாதி வேலையோடு அனுப்பச் சொல்லாதீர்கள். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பெரும்பாலான கார்களுக்குப் பொதுவான கணக்கு. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று இன்றைக்கே பில்லை எடுத்துப் பாருங்கள்.